கடல் மீன் யாருடையது?

விஜயபுரம் கடற்கரை ஊர் அன்று. சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஏரியையும் கிணற்றையும் நம்பி உழுது வாழும் மக்களின் பகுதி அது. இப்பகுதியினர் கடலைப் பற்றி எண்ணுவது மிகக் குறைவு. சந்தையில் கூடை நிறைய மீன் வந்து இறங்கும் நாளிலும், கருவாட்டின் விலை திடீரென ஏறிவிடும் நாளிலுந்தான் கடல் என்று ஒன்று இருப்பது நம் நினைவுக்கு வருகிறது. விலை ஏறியதும் வியாபாரியைக் குறை கூறுகிறோம். வியாபாரியோ கடலில் மீன் இல்லை என்று கையை விரிக்கிறான். அந்த விடை எத்துணை உண்மை, அதன் காரணம் யாது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கடல் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. அயலிலுள்ள பிச்சாட்டூரில் அணையால் தடுத்து நிறுத்தப்படும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டை, பொன்னேரி ஆகிய ஊர்களின் வழியே ஓடி, பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. ஏரி என்று பெயர் பெற்றிருந்தாலும் அது கடலோடு தொடர்புடைய உப்பங்கழி. இந்திய நாட்டில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி அதுவே. அதன் தென்முனை தமிழ்நாட்டிலும், பெரும்பரப்பு ஆந்திரத்திலும் அமைந்துள்ளன. 2022ஆம் ஆண்டில் திருப்பதியைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் அமைக்கப்பட்டபோது, அவ்வேரியை ஒட்டிய சூளூர்ப்பேட்டை, தடா முதலிய பகுதிகள் அம்மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆக, மலையும் மானாவாரிப் பயிருமாக நாம் எண்ணிவந்த இச்சீமைக்கு இன்று கடல் வாயிலும் உண்டு. அக்கடலின் வளத்தை எவ்வாறு ஆள்வது என்பது இனி நமது கேள்வியும் ஆகும்.

இக்கேள்வியை விளங்கிக்கொள்வதற்கு நாம் கடலுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. முதலாவது, ஊர் ஏரி. ஏரியில் வளரும் மீனை ஆண்டுதோறும் ஒருவர் குத்தகைக்கு எடுக்கிறார். குஞ்சு விட்ட மறுவாரமே அவர் வலை வீசுவதில்லை. மீன் வளரட்டும், எடை கூடட்டும், நல்ல விலை வரட்டும் என்று காத்திருக்கிறார். இன்று விட்டுவைத்த மீன் நாளையும் தம்முடையதே என்ற உறுதிதான் அவரைப் பொறுமைசாலி ஆக்குகிறது.

இரண்டாவது, ஆழ்துளைக் கிணறு. நிலத்தடி நீருக்குக் குத்தகைக்காரர் எவரும் இல்லை. ஒருவர் 300 அடி தோண்டினால் பக்கத்து நிலத்துக்காரர் 500 அடி தோண்டுகிறார். முன்னவர் நீரைச் சேமித்து வைத்தால் அது பின்னவரின் குழாயில் ஏறிவிடும். ஆகவே இருவரும் போட்டியிட்டுத் தோண்டுகிறார்கள், இருவரும் கடன்படுகிறார்கள், இறுதியில் இருவர் கிணறும் வறண்டுபோகிறது. இருவரில் எவரும் அறிவிலி அல்லர், பேராசைக்காரரும் அல்லர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் செய்ததும் நியாயமே. சேர்த்துப் பார்க்கும்போதுதான் கேடு தெரிகிறது.

கடல் மீன் ஏரி மீனைப் போன்றதன்று; நிலத்தடி நீரைப் போன்றது. வலையில் விழும் வரையில் அது எவருடையதும் அன்று. விழுந்த பின்னரே அதற்கு உடைமையாளர் ஒருவர் உண்டாகிறார். ஆதலால் விட்டுவைப்பவனுக்கு நட்டமும், முந்திக்கொள்பவனுக்கு ஆதாயமும் கிடைக்கின்றன. கடல் மீன்வளப் பொருளாதாரத்தின் அடிப்படை முழுவதும் இந்த ஓர் உண்மையில் அடங்கியுள்ளது எனலாம்.

மீனுக்கும் நிலக்கரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிலக்கரியை எடுக்க எடுக்கக் குறையும். மீனோ தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும் உயிர்ப்பொருள். அளவறிந்து எடுத்தால் முதல் அழியாமல் வட்டியை மட்டும் ஆண்டாண்டுக்கும் நுகரலாம். அளவு மீறினால் முதலில் கை வைத்தவர்களாவோம்; முதல் குறைந்தால் வட்டியும் குறையும். இதனை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் காண்போம். நேயர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நலம்.

ஒரு கடற்கரையில் ஒரு படகைக் கடலுக்கு அனுப்ப, டீசல், பனிக்கட்டி, வலைத் தேய்மானம், ஆட்களின் கூலி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 5,000 ரூபாய் செலவாவதாக வைத்துக்கொள்வோம். அங்கே 15 படகுகள் தொழில் செய்து, கடலில் உள்ள மீன் இருப்பும் அதற்கேற்ப ஒரு நிலைக்கு வந்துவிட்ட பின், படகு ஒவ்வொன்றுக்கும் 8,750 ரூபாய் மதிப்புள்ள மீன் கிடைக்கிறது எனக் கொள்வோம். மொத்த வரவு 1,31,250 ரூபாய். மொத்தச் செலவு 75,000 ரூபாய். எஞ்சுவது 56,250 ரூபாய். இது நல்ல ஆதாயம்.

ஆதாயத்தைக் கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? புதிய படகுகள் வந்து சேருகின்றன. படகு கூடக் கூட, கடலில் உள்ள மீன் பலருக்கும் பங்காவதோடு மீன் இருப்பும் மெலிகிறது. 25 படகுகள் ஆனபோது ஒவ்வொன்றுக்கும் 6,250 ரூபாய்தான் கிடைக்கிறது. மொத்த வரவு 1,56,250 ரூபாய்; செலவு 1,25,000 ரூபாய்; எஞ்சுவது 31,250 ரூபாய். கரையில் வந்து குவியும் மீன் முன்னிலும் அதிகம். ஆகையால் தொழில் வளர்கிறது என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். ஆதாயம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டதை எவரும் கவனிப்பதில்லை.

இன்னமும் ஆதாயம் இருக்கிறதல்லவா? மேலும் 5 படகுகள் வருகின்றன. இப்போது 30 படகுகள். ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய். மொத்த வரவு 1,50,000 ரூபாய். மொத்தச் செலவும் 1,50,000 ரூபாய். எஞ்சுவது ஒன்றுமில்லை. மேலும் ஒரு வியப்பைப் பாருங்கள்: 25 படகுகள் பிடித்ததைவிட 30 படகுகள் பிடித்த மீன் குறைவு! உழைப்பு கூடிற்று; எரிபொருள் கூடிற்று; மீன் குறைந்தது. கூலியைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத இந்த இடத்தில் வந்துதான் படகுகளின் வரவு நிற்கும்.

கனடா நாட்டுப் பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இவ்வுண்மையைத் தெளிவாக்கினார். மீனவர்கள் ஏழைகளாக இருப்பது அவர்களின் சோம்பலாலோ அறியாமையாலோ அன்று. வாயிலில் கதவில்லாத தொழிலில் ஆதாயம் தங்காது என்பதே அவர் கண்ட முடிவு. அதே ஆண்டில் மில்னர் ஷேஃபர் என்ற அறிஞர் மீன் இருப்பின் பெருக்கத்தைக் கணித வாய்பாட்டில் அமைத்தார். இவ்விருவர் ஆராய்ச்சியும் சேர்ந்தே இன்றைய மீன்வள நிர்வாகத்திற்கு அடித்தளமாயின. நாம் மேலே போட்ட கணக்கும் அவர்கள் வகுத்த நெறியைப் பின்பற்றியதே.

இனி, இரக்கமுள்ள அரசாங்கம் ஒன்று இம்மீனவர்களின் துயரத்தைக் கண்டு, படகொன்றுக்கு நாள்தோறும் 1,250 ரூபாய் உதவி அளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகுக்காரரின் செலவு 3,750 ரூபாயாகக் குறைகிறது. உடனே மீண்டும் ஆதாயம் தோன்றுகிறது; மீண்டும் படகுகள் வருகின்றன. 35 படகுகள் ஆனபோது ஒவ்வொன்றுக்கும் 3,750 ரூபாய் கிடைக்க, ஆதாயம் மறுபடியும் மறைகிறது. மொத்த வரவோ 1,31,250 ரூபாய். தொடக்கத்தில் 15 படகுகள் கொண்டுவந்ததும் இதே தொகைதான்! அரசாங்கம் நாளொன்றுக்கு 43,750 ரூபாய் செலவிட்டது. மீனவருக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. கடலில் மீனும் குறைந்தது. உதவி செய்வது தவறென்பது இதன் பொருள் அன்று. கதவை அமைக்காமல் கொடுக்கும் உதவி, கதவில்லாத வாயிலுக்கு இன்னும் பலரை அழைத்து வருகிறது என்பதே பொருள்.

கணக்கு நிற்க. நம் நாட்டில் நடந்தது யாது என்று பார்ப்போம். 1952ஆம் ஆண்டில் இந்தியாவும், நார்வே நாடும், ஐக்கிய நாடுகள் நிறுவனமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கிற்று. மீனவர் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கம். இயந்திரம் பூட்டிய படகுகளும், பின்னர் கடலின் தரையை வாரிச் செல்லும் இழுவலைகளும் அறிமுகமாயின. அந்நாளில் வெளிநாடுகளில் இறாலுக்கு நல்ல விலை ஏற்பட்டது. உறைய வைத்த இறால் கப்பலேறிற்று. அயல்நாட்டுச் செலாவணி வந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அரசாங்கங்கள் கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கின. கடலை அறியாத முதலாளிகளும் படகு வாங்கினார்கள்.

இறால் வாழ்வது பெரும்பாலும் கரையை அடுத்த ஆழமற்ற கடலில். கட்டுமரக்காரர் வலை விரிப்பதும் அங்கேதான். விசைப்படகு அவ்வழியே வந்தால் கட்டுமரக்காரரின் வலை அறுந்து போகும். அவர் பிடிக்கவேண்டிய மீனும் போகும். 1970களில் சென்னைக் கரையிலும் பிற கரைகளிலும் இவ்விரு சாராருக்கும் இடையே கைகலப்புகள் நேர்ந்தன; படகுகள் கொளுத்தப்பட்டன; உயிர்களும் மாண்டன. இதன் விளைவாகவே மாநிலங்கள் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. கேரளம் 1980இலும், தமிழ்நாடு 1983இலும், ஆந்திரம் 1994இலும் சட்டம் செய்தன. கரையிலிருந்து தமிழ்நாட்டில் 3 கடல் மைல் வரையிலும், ஆந்திரத்தில் 8 கிலோமீட்டர் வரையிலும் உள்ள கடல், நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கப்பட்டது. கடலின் மேல் முதன்முதலாக ஒரு கோடு கிழிக்கப்பட்டது. ஆயினும் கோட்டுக்கு அப்பால் எத்தனை படகுகள் இருக்கலாம் என்பதற்கு அச்சட்டங்கள் உறுதியான வரம்பு வகுக்கவில்லை.

படகுக்காரர் தாமாகவே நிறுத்திக்கொள்ளலாகாதா என்று கேட்கலாம். அவர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். படகு வாங்க முன்பணம் கொடுத்தவர் தரகர். அக்கடன் தீரும்வரை பிடித்த மீனை அவரிடமே ஏலத்திற்கு விட வேண்டும். தரகுத் தொகை அதில் கழியும். டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் உணவுக்கும் ஆன செலவைக் கழித்து, எஞ்சியதை உடையவரும் தொழிலாளரும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். மீன் குறைந்தால் கூலியே குறைகிறது. ஆனால் கடன் குறைவதில்லை. ஆகவே அவர் இன்னும் தொலைவு போகிறார். இன்னும் சிறு கண் வலையைக் கட்டுகிறார். முன்பு கடலிலேயே எறிந்துவிட்ட குஞ்சு மீன்களையும் கரைக்குக் கொண்டுவருகிறார். அம்மீன்கள் மீன் தூளாக அரைக்கப்பட்டுக் கோழித் தீவனமாகின்றன. வளர்ந்து நூறு ரூபாய் தரவேண்டியது, வளராமலே ஒரு சில ரூபாய்க்குப் போகிறது. பாக் நீரிணையில் நம் இழுவலைப் படகுகள் எல்லை தாண்டுவதும், இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர் அதனால் வலையிழந்து வருந்துவதும், 2017இல் இலங்கை இழுவலைத் தொழிலையே சட்டத்தால் தடை செய்ததும் இக்கதையின் தொடர்ச்சியே. ஒருபுறக் கடலின் வளம் மெலிந்தபோது படகுகள் மறுபுறத்தை நாடின.

இத்தனையும் கேட்டபின், பொதுச்சொத்து என்றாலே அழிவுதான் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அம்முடிவு தவறென்பதற்குப் பழவேற்காடே சான்று. அங்குள்ள மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பாடு என்பது மீன்பிடிக்கும் முறையையும் குறிக்கும். அம்முறை வரும் இடத்தையும் குறிக்கும். இலங்கையிலும் கரைவலை இழுப்போர் இச்சொல்லை ஆளுகின்றனர்.

முகத்துவாரத்தை அடுத்துள்ள நீர்ப்பகுதி, இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடம். நீரோட்டத்துக்கு எதிரே கழிகளை நட்டு வலை கட்டினால், ஓட்டத்தோடு வரும் இறால் தானே வந்து சேரும். ஆனால் அத்தகைய இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டப் புகுந்தால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம் முதலிய மூன்று குப்பத்தார் தமக்குள் முறை வகுத்துக்கொண்டு, சுழற்சியாகத் தொழில் செய்து வந்தார்கள். ஒவ்வொரு குப்பத்திலும் மணமான ஆடவர் தலைக்கட்டாகக் கணக்கிடப்பட்டு உரிமை பெறுவார். எவருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். நல்ல இடம் இன்று கிடைத்தவருக்கு நாளை மட்டமான இடம் கிடைக்கலாம். ஆகவே அதிருஷ்டமும் சுற்றி வருகிறது. முறை மீறியவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும்.

இதன் நுட்பத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். மீனை எடைபோட்டுப் பங்கிடும் அதிகாரி இதில் இல்லை. ஆராய்ச்சிக் கூடம் இல்லை. ஆயினும் இடம், காலம், வலை, ஆள் ஆகிய நான்கிற்கும் எல்லை கட்டப்பட்டிருக்கிறது. காவலுக்குச் செலவில்லை; ஏனெனில் தம் முறைக்குக் காத்திருப்பவரே, முறை தவறுவோரைக் கண்டுபிடிக்கும் காவலர். முன் கூறிய கதவு இங்கே இருக்கிறது. அதனை மீனவரே செய்து மாட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய அறிவு நமக்கு மட்டும் உரியதன்று. துருக்கி நாட்டில் அலான்யா என்ற கடற்கரை ஊரினர், 1970களில் இதே போன்ற முறையைத் தாமே கண்டுபிடித்தனர். செப்டம்பர் மாதத்தில் உரிமையுள்ளவர் பட்டியலையும் வலை கட்டும் இடங்களின் பட்டியலையும் எழுதி, சீட்டுப் போட்டு, அதன்பின் நாள்தோறும் ஒவ்வொருவரும் அடுத்த இடத்துக்கு நகர்ந்து செல்வர். அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் இவ்வூரையும், உலகின் பல பாகங்களிலுள்ள பாசன வாய்க்கால்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். பொதுச்சொத்தைக் காக்க, தனியார் உடைமை அல்லது அரசாங்க ஆட்சி என்ற இரண்டே வழிகள்தான் உண்டு என்பது சரியன்று. எல்லை தெளிவாக இருந்து, விதியைச் செய்வதில் பயன்படுத்துவோருக்கே பங்கிருந்து, தண்டனை குற்றத்திற்கேற்ப அமைந்தால், மக்கள் தாமே காத்துக்கொள்வர் என அவர் நிறுவினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் நினைவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

ஆயினும் பாடு முறையைக் குறையற்றதாகப் புகழ்ந்துவிட்டு அப்பால் செல்வது நேர்மையாகாது. கதவு என்று ஒன்று இருந்தால் அதற்கு உட்புறமும் வெளிப்புறமும் உண்டு. பாட்டு உரிமை பிறப்பினால் வந்தது. குறிப்பிட்ட சாதியார்க்கும் குறிப்பிட்ட குப்பங்களுக்கும் உரியது. ஏரியின் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குலப் பெண்களுக்கு அதில் இடமில்லை. பிற குப்பத்தாருக்கும் இல்லை. இறாலின் விலை மட்டமாயிருந்த நாளில் எவரும் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஏற்றுமதியால் விலை ஏறியதும், நாங்களும் இவ்வேரிக்கு உரியவர்கள் அல்லவா என்ற குரல் எழுந்தது, பூசல்கள் விளைந்தன. அக்குரலில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல முடியுமா? வளத்தைக் காப்பது ஒரு கேள்வி. காத்த வளத்தை யார் துய்ப்பது என்பது மற்றொரு கேள்வி. முன்னதற்கு விடை கண்டவர்கள் பின்னதை மறந்தால், முன்னதும் நிலைக்காது.

மற்றொரு குறையும் உண்டு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் நுண்ணிய குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உப்பங்கழிக்குள் வந்து, சில மாதங்கள் தங்கி வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பி முதிர்ச்சி அடைகின்றன. கழியில் முறை வைத்துப் பிடிப்பவர் விட்டுவைத்த இறால், வெளியே காத்திருக்கும் இழுவலையில் விழுகிறது. தாய் இறாலைக் கடலில் வாரிவிட்டால், அடுத்த பருவத்தில் கழிக்குள் வரும் குஞ்சு குறைகிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டாலோ இருசாராருக்கும் இழப்பு. ஒரே உயிர், இரண்டு தொழில்கள், இரண்டு மாநிலங்கள், இருவேறு சட்டங்கள்! வீட்டின் ஓர் அறைக்கு மட்டும் கதவு போட்டால் போதாது என்பது இதனால் விளங்கும்.

பெரிய நாடுகள் இதில் பெற்ற பாடமும் நமக்குப் பயன்படும். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் காட் என்னும் மீன் பல நூற்றாண்டுகளாக அள்ள அள்ளக் குறையாத செல்வமாயிருந்தது. 1968இல் அங்குப் பிடிபட்டது ஏறத்தாழ 8 இலட்சம் டன். பின்னர், கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கனடா தன் ஆட்சியை நிலைநாட்டி, அறிஞர்களின் கணக்குப்படி ஆண்டுதோறும் பிடிக்கத்தக்க அளவையும் விதித்தது. ஆனால் அக்கணக்கு உண்மை இருப்பைவிட உயர்ந்திருந்தது. கரையோரச் சிறு மீனவர்கள் மீன் மெலிந்து வருவதைக் கூறியும் அது உரிய மதிப்புப் பெறவில்லை. 1992 ஜூலையில் அரசாங்கம் அம்மீன்பிடிப்பையே நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் தொழில் இழந்தனர். 32 ஆண்டுகள் கழித்து, 2024இல்தான் வணிக மீன்பிடிப்பு சிறு அளவில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அறிவியல் வேண்டும், மீனவரின் கண்ணும் வேண்டும் என்பது இதன் பாடம்.

ஐஸ்லாந்து நாடு வேறு வழி சென்றது. 1984 முதல் படகுதோறும் இத்துணை மீன் என்று பங்கு விதித்து, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பங்குகளை விற்கவும் வாங்கவும் உரிமை தந்தது. மீன் தமக்கென ஒதுக்கப்பட்டுவிட்டதால் முந்தி ஓடும் போட்டி குறைந்தது. தொழில் ஆதாயம் தந்தது. ஆனால் பங்குகள் பெரிய நிறுவனங்களிடம் சேர்ந்தன. பங்கை இழந்த சில சிற்றூர்களின் துறைகள் ஓய்ந்துபோயின. சில வகை மீன்களே பெருந்தொகையாகப் பிடிபடும் குளிர்கடலில் இம்முறை இயலும். ஒரே வலையில் பல வகை மீன்கள் கலந்து விழும் நமது வெப்பக் கடலில், ஆயிரக்கணக்கான கரைகளில் இறங்கும் மீனை எடைபோட்டுப் பங்கு காப்பது எளிதன்று.

நம் நாட்டில் இன்று யாவரும் அறிந்த நிர்வாக முறை, மீன்பிடித் தடைக்காலம். கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017இல் 61 நாட்களாக உயர்ந்தது. விஜயபுரத்துச் சந்தையில் கோடையில் கடல் மீன் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரு மாநிலங்களிலும் தடை ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவது மிகவும் நல்லது. மீனுக்கு மாநில எல்லை தெரியாதல்லவா? தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசாங்கங்கள் உதவித்தொகையும் அளிக்கின்றன.

தடைக்காலம் மீனுக்கு மூச்சு விட நேரம் தருகிறது. ஆனால் அதுவே முழு மருந்து அன்று. 30 படகுகளுக்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுத்தால், அவை 25 ஆகிவிடுவதில்லை. தடை நீங்கிய நள்ளிரவில் எல்லாப் படகுகளும் ஒருமிக்கப் புறப்படுகின்றன. இரண்டு மாதத்தில் சேர்ந்த வளத்தை முந்தி வாருவதற்கு, அடுத்த ஆண்டுக்குள் இன்னும் வலிய இயந்திரத்தைப் பூட்டுகிறார்கள். வாயில் சில நாள் மூடியிருக்கிறது. திறந்ததும் பழைய நெரிசல்தான்.

ஆகவே செய்யவேண்டியன யாவை? முதலாவது, ஒவ்வொரு துறையிலும் இருக்கத்தக்க விசைப்படகுகளின் தொகைக்கும் இயந்திர வலிமைக்கும் மெய்யான வரம்பு வேண்டும். மிகையான படகுகளைத் தக்க விலை கொடுத்து விலக்கிக்கொள்வதும், அவற்றில் உழைத்தோருக்கு வேறு வாழ்வு அமைப்பதும் அரசின் கடமை. எரிபொருளுக்குச் செலவாகும் பணத்தின் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால் அது பயனுள்ள செலவாகும். இரண்டாவது, வலைக் கண்ணின் அளவு பற்றிய விதி, ஏட்டோடு நில்லாமல் துறைமுகத்திலும் நடைமுறையாக வேண்டும். மூன்றாவது, கரையோரக் கடலின் காவலில் மீனவப் பஞ்சாயத்துகளுக்குச் சட்டபூர்வமான பங்கு தரவேண்டும். பாடு முறையின் சீட்டையும் சுழற்சியையும் வைத்துக்கொண்டு, உரிமையைப் பிறப்பால் அல்லாமல் உழைப்பால் வழங்கினால், இதுவரை வெளியே நின்றவர்களும் காவலர்களாவர். நான்காவது, இரு மாநிலங்களும் கூடிப் பேசும் நிலையான அவை ஒன்று, பழவேற்காட்டுக்கும் அதை அடுத்த கடலுக்கும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் கணக்கு வேண்டும். 1947இல் மண்டபத்தில் நிறுவப்பெற்று, இன்று கொச்சியில் தலைமையகம் கொண்டு விளங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நாடெங்கும் கரைகளில் மாதிரிக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அதன் மதிப்பீட்டின்படி 2012இல் சுமார் 39 இலட்சத்து 40 ஆயிரம் டன் மீன் இந்தியக் கரைகளில் இறங்கிற்று. 2023இல் சுமார் 35 இலட்சத்து 30 ஆயிரம் டன். ஓராண்டின் ஏற்ற இறக்கத்துக்குப் பருவநிலையும் காரணமாகும். இருப்பினும் படகும் இயந்திரமும் வலுப்பெற்று வந்த காலத்தில் மீன் அதற்கேற்பப் பெருகவில்லை என்பது கண்கூடு. நாம் காகிதத்தில் போட்ட 25 படகு, 30 படகுக் கணக்கு வெறும் கற்பனை அன்று.

விஜயபுரத்துச் சந்தைக்கு மீண்டும் வருவோம். கூடையில் விரல் நீள மீன் குஞ்சுகளைக் குவித்து மலிவாக விற்றால், அம்மலிவு நாளைய விலையேற்றம் என்று அறிந்துகொள்ள வேண்டும். தடைக்காலத்தில் விலை ஏறினால், அவ்வேற்றம் மீன் வளர்வதற்கு நாம் செலுத்தும் கட்டணம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டும். மேலும், ஆழ்துளைக் கிணற்றின் அருகே நின்று, பக்கத்து நிலத்துக்காரரை ஐயத்தோடு பார்க்கும் உழவர் நண்பர்கள், பழவேற்காட்டு மீனவரின் சீட்டுக் குலுக்கலை நினைத்துப் பார்ப்பது நலம். கடலில் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ள முடிந்ததென்றால், நிலத்தடியிலுள்ள நீரைப் பற்றியும் அண்டை வீட்டாரோடு அமர்ந்து பேச முடியாதா?

கடல் மீன் யாருடையது என்று கேட்டோம். எவருடையதும் அன்று என்றிருந்தால் அது எவருக்கும் மிஞ்சாது. ஒரு சிலருடையது என்றால் மற்றவர் அமைதியாயிரார். எல்லோருடையதும் என்பதற்கு எல்லோரும் ஒப்பிய முறையும், அம்முறையைக் காக்கும் உறுதியும் வேண்டும். ஆரணியாற்று நீரைப் போலவே இந்தப் பொறுப்பும் மலையடிவாரத்தில் தொடங்கிக் கடல் வரை செல்கிறது.